சிவப்புத் தரையில் ஒரு கோடு

சிதம்பரம் மேலவீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் அத்தை வீடு. கிழக்குப் பார்த்த வாசல். ரேழியைத் தாண்டிக் கூடத்தில் கால் வைத்ததும் உள்ளங்காலில் குளிர்ச்சி ஏறும். சிவப்பு அப்புறம்தான் கண்ணில் படும். போன வருடம் அந்தத் தரைமேல் டைல்ஸ் ஒட்ட ஆள் வந்து அளவெடுத்துப் போனார். "எல்லார் வீட்லயும் மாத்தியாச்சு, இங்க மட்டும் எதுக்குடா பழைய சிமெண்டு?" என்றார் அத்தை. மறுநாள் காலை ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு அவரைத் தரையில் உட்கார வைத்தேன். அன்று அவருக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நின்றபடி பார்த்தால் தரையில் ஒன்றும் தெரியாது. உட்கார வேண்டும்; வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். கண்ணுக்கு இந்தப் பழக்கம் வருவதற்கு நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. நடராசர் கோயில் கோபுர வாயில்களின் உட்சுவரில் 108 கரணங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். உச்சிப் பொழுதில் போனால் கல்லும் உருவமும் ஒன்றாய் மங்கிக் கிடக்கும். கீழைக் கோபுரத்தில் காலை வெயில் சாய்ந்து நுழையும்போது பாருங்கள், முழங்கால் மடிப்பும் விரல் நுனியும் சுவரைவிட்டு எழுந்து வரும். உளி தொட்ட இடத்தை நிழல்தான் எடுத்துக் காட்டுகிறது. சிமெண்ட் தரையின் இரண்டு மில்லிமீட்டர்ப் பள்ளத்துக்கும் இதே நியாயம்தான்.

இனி கோட்டுக்கு வருவோம். பழைய வீட்டுக் கூடங்களில் கட்டம் கட்டமாக ஓடும் கோடு பெரும்பாலும் நூல் வைத்து அழுத்தியது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே கொத்தனாரும் கையாளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நூலை விறைப்பாக இழுத்து, அழுத்தி எடுத்துவிடுவார்கள். அந்தக் கோட்டின் ஓரம் மழுங்கி உருண்டிருக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் சில இடங்களில் நூலின் முறுக்குகூடத் தெரியும். அத்தை வீட்டில் மூன்றாவது கட்டத்தில் கோடு ஒரு மயிரிழை விலகி மறுபடி நேராகிறது. யாரோ ஒருவருடைய பிடி அங்கே ஒரு நொடி தளர்ந்திருக்கிறது. அந்த நொடியின் மேல்தான் நாங்கள் எல்லோரும் தவழ்ந்து வளர்ந்திருக்கிறோம். அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

காய்ந்து இறுகிய சிமெண்டில் வெட்டும் கோடு வேறு ரகம். வைரத்தூள் பதித்த பிளேடை கிரைண்டரில் மாட்டி அறுக்கிறார்கள். ஓரம் கத்தி போல நிற்கும். கான்கிரீட் தளமாக இருந்தால், வழியில் அகப்பட்ட ஜல்லியும் அறுபட்டுக் கருங்கல்லின் உள்முகம் காட்டும். வேலையின் தரம் அறிய மூலையைப் பாருங்கள். பிளேடு வட்டமானது, மூலையில் முழு ஆழத்துக்கு இறக்கினால் மேற்பரப்பில் கோடு எல்லை தாண்டி ஓடிவிடும். சற்று முன்னாலேயே நிறுத்தி, மிச்சத்தை உளியால் கொத்தி முடித்திருந்தால் அவர் பொறுமைசாலி. வளைவிலும் இந்த வித்தியாசம் தெரியும். சிக்குக் கோலத்தை பிளேடால் வெட்டினால் ஒவ்வொரு வளைவும் குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடையும். ஈரப் பூச்சில் ஆணியால் கீறிய இழையோ தயங்காமல் புள்ளியைச் சுற்றிவரும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உலர்ந்தபடி அறுத்தால் கிளம்பும் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுத்துவிடும். உங்கள் வீட்டில் இந்த வேலை நடந்தால் தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, முகத்தில் மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது நிறம். சிவப்புத் தரைக்குப் போடும் பொடி இரும்பு ஆக்ஸைடு. கடலூர் கேப்பர் மலை மண் சிவந்திருப்பதும் அதே இரும்பால்தான். நிலவியலார் அந்தப் பாறை வகைக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பின் காரமும் வெயிலும் இந்த நிறத்தை எளிதில் அசைக்காது. பொடியை சிமெண்டோடு கலந்து பூசி, கரணையால் திரும்பத் திரும்பத் தேய்த்து, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைப்பார்கள். சிமெண்ட் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் பொடி போனால் பூச்சு வலுவிழக்கும். அதனால் நல்ல கொத்தனார் கலவையில் சிவப்பைக் கூட்டமாட்டார், தேய்ப்பில் கூட்டுவார். நிலைப்படி ஓரம் பெயர்ந்த இடத்தைப் பாருங்கள், பூச்சின் அடிவரை சிவப்பாகவே இருக்கும். வெறும் பெயிண்ட் என்றால் தோல் உரிந்து சாம்பல் தெரிந்திருக்கும்.

ஏற்கெனவே போட்ட கான்கிரீட்டுக்கு நிறம் ஏற்றுவதற்கு ஆசிட் ஸ்டெயின் என்று ஒன்று இருக்கிறது. உலோக உப்புகளை அமிலத்தில் கரைத்த நீர்மம் அது. கான்கிரீட்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்போடு அது வினைபுரிய, நிறம் அந்த இடத்திலேயே விளைகிறது. இரும்பு உப்பு தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரை தரும். செம்பு உப்பு நீலப்பச்சை தரும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் இது நடக்காது, மேல்தோல் அரித்துப்போகும், அவ்வளவுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவர் வீட்டுப் போர்ட்டிகோவில் இப்படி நிறம் ஏற்றியிருக்கிறார்கள். முதலில் பார்த்தவர்கள் திட்டுத்திட்டாக இருக்கிறதே என்று முகம் சுளித்தார்களாம். அந்தத் திட்டுகளைத்தான் ரசிக்க வேண்டும். கரணை எங்கே அழுத்தித் தேய்த்தது, எங்கே வெகுநாள் தண்ணீர் தேங்கியது, எங்கே உப்புப் பூத்தது எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. கடற்கரை ஊரில் பல வருடம் வெயிலும் உப்புக்காற்றும் பட்ட தளம், நிறம் பட்டதும் தன் கதையைச் சொல்லிவிடுகிறது. ஒரே சீரான நிறம் தெரிந்தால் அது பெயிண்டாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஒரு கை தண்ணீர் தெளித்தும் பார்க்கலாம்: உறிஞ்சினால் தளம் ஸ்டெயின் ஏற்கும், முத்து முத்தாக நின்றால் மேலே ஏதோ பூசியிருக்கிறது.

காய்ந்த கான்கிரீட்டில் படம் எழுப்புவதைப் பெரிய ஓவியர்களும் விரும்பியிருக்கிறார்கள். நார்வேயின் ஆஸ்லோ நகரில் அரசுக் கட்டடச் சுவர்களில் பிக்காசோவின் கோடுகளை கார்ல் நெஷார் என்ற கலைஞர் மணல் பீய்ச்சி வெட்டி எடுத்தார். கூழாங்கற்களை நெருக்கி அடைத்து வார்த்த கான்கிரீட் அது; மேலே இருக்கும் சிமெண்ட் பறந்து போக, அடியிலிருந்த கல்லே கோடாக எழுந்தது. அதில் ஒன்று வலையிழுக்கும் மீனவர்கள். 2020-இல் அது இருந்த கட்டடத்தை இடித்தபோது அந்தச் சுவரை அப்படியே பெயர்த்துப் பத்திரப்படுத்தினார்கள். கடலூர்க்காரர்களுக்கு அந்த மீனவர்களைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது.

இவ்வளவும் படித்துவிட்டுப் பழைய சிவப்புத் தரையில் பிளேடை வைத்துவிடாதீர்கள். அதற்கு இருக்கும் கோடு போதும். வெட்டவும் நிறம் ஏற்றவும் மொட்டை மாடி, போர்ட்டிகோ, வண்டி ஏற்றும் சாய்தளம் என்று சும்மா கிடக்கும் கான்கிரீட் நிறைய இருக்கிறது. பழைய தரையின் கோட்டை எடுத்து வைக்க ஆசையாக இருந்தால், மெல்லிய தாளை விரித்துக் கரித்துண்டால் தேயுங்கள். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதன் எளிய வடிவம் இது. அத்தை வீட்டு மூன்றாவது கட்டத்தை அப்படி எடுத்து வைத்திருக்கிறேன்.

டைல்ஸ்காரருக்கு அத்தை இன்னும் சொல்லி அனுப்பவில்லை. வாசற்படிக்கு வெளியே ஈரச் சிமெண்டில் எப்போதோ கீறிய ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று இருக்கிறது. தினமும் தண்ணீர் தெளித்து, அதன் மேலேயே அரிசி மாவுக் கோலம் போடுகிறார். ஒன்பது மணிக்குள் மேல்மாவு மிதிபட்டுப் போகும். கீறலுக்குள் தங்கிய மாவைத் தேடி எறும்புகள் வரும். கோலத்தின் வளைவு மாறாமல், ஒன்றன்பின் ஒன்றாக, புள்ளியைச் சுற்றிச் சுற்றிப் போகும்.