காதற் புதினங்களில் இசைவும் ஆதிக்கமும்

பாலுறவை வெளிப்படையாகப் பேசும் காதற் புதினங்களை மதிப்பிடுகையில், திருச்சபையினர் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றனர்: இது ஆபாசமா, அன்றா? அக்கேள்வி தேவையற்றது என்று நாம் கூறவில்லை. ஆயினும் அதற்கு முன்னர்க் கேட்க வேண்டிய வேறொன்று உண்டு. இக்கதை நம்பத்தக்கதா? வழக்கத்திற்கு மாறான விருப்பங்களையும் உறவுகளையும் பொருளாகக் கொள்ளும் நூல்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஏனெனில் அத்தகைய உறவை அறியாத வாசகர், கதாசிரியர் சொல்வதையே அறிவாக ஏற்றுக்கொள்கிறார். திருமணத்திற்கு முன் ஆலோசனை நாடி ஆயரிடம் வரும் இளைஞரின் எண்ணங்களில் பல இவ்வாறு கதைகளிலிருந்து பெற்றவையே.

உலகெங்கும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு, ஆங்கிலப் பெண் எழுத்தாளர் ஈ. எல். ஜேம்ஸ் 2011இல் வெளியிட்ட 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'. ஒருவர் ஆள, மற்றவர் அடங்கி, அதில் இருவரும் இன்பம் காணும் உறவே அதன் பொருள். எழுத்து ஒப்பந்தம், போதும் என்பதற்கு முன்னரே குறித்துக்கொண்ட ஒரு சொல் ஆகியவை அதில் வருகின்றன. அவ்வகை உறவில் வாழ்வோரிடையே இவை மெய்யாகவே உள்ள வழக்கங்கள். ஆனால் கதையில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாவதில்லை. செல்வந்தனான கிரே, அனஸ்டேசியாவின் கைபேசியைக் கொண்டு அவள் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கிறான். அவளுடைய பழைய காரை விற்றுவிடுகிறான். அடுத்த பாகத்தில் அவள் வேலை செய்யும் பதிப்பகத்தையே வாங்கிவிடுகிறான். படுக்கையறைக்கு வெளியே நடக்கும் இந்த ஆதிக்கத்திற்கு ஒப்பந்தமும் இல்லை, நிறுத்தும் சொல்லும் இல்லை. அவ்வுறவை அறிந்தவர்களே இந்நூலைக் கடிந்துகொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேலும், அவனுடைய விருப்பத்திற்குக் குழந்தைப் பருவக் கொடுமையே வேர் என்றும், பெண்ணின் அன்பு அதைக் குணமாக்கும் என்றும் கதை சொல்லுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்போ, வழக்கத்திற்கு மாறான விருப்பம் என்பதனாலேயே ஒன்றை நோய் எனக் கொள்வதில்லை. முரடனைத் திருத்தும் பொறுமைசாலி மனைவியைத் தமிழ்ச் சினிமா நன்கு அறியும். அமெரிக்க நகரத்துக்கு அவள் குடிபெயர்ந்திருக்கிறாள், அவ்வளவே.

1870இல் சாக்கர்-மாசோக் எழுதிய 'வீனஸ் இன் ஃபர்ஸ்' என்னும் குறும்புதினத்தை இதனோடு ஒப்பிடலாம். அதில் செவெரின் தன்னை வாண்டாவுக்கு அடிமையாக்கும் ஒப்பந்தத்தில் உண்மையாகவே கையெழுத்திடுகிறான். முடிவில் அவன் வந்தடையும் எண்ணம் வியப்பானது: உரிமையிலும் கல்வியிலும் உழைப்பிலும் பெண் நிகராகும்வரை அவள் ஆணுக்கு அடிமையாகவோ கொடுங்கோலியாகவோதான் இருக்க முடியும், தோழியாக முடியாது. ஆதிக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை அப்பழைய நூல் அறிந்திருந்தது.

நம் பக்கத்திற்கு வருவோம். தேனி, கம்பம் பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல்கள் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. 2014இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகள் வந்தபின் தொடர்கதைகள் கைபேசிக்குள் புகுந்துவிட்டன. அங்கே 'ஆன்டி ஹீரோ' கதைகள் என்றே ஒரு வகை உண்டு. நாயகன் பெரும் பணக்காரன். பல கதைகளில் முதலாளி. பெண்ணை மிரட்டித் தாலி கட்டுகிறான், அடைத்துவைக்கிறான், வருத்துகிறான். பிறகு அவனுடைய பழைய துயரம் வெளிப்படுகிறது, அவள் மன்னிக்கிறாள். மலைமேல் எஸ்டேட் பங்களா என்றால் கதைக்கு இன்னும் சிறப்பு.

ஆனால் எஸ்டேட் என்பது என்னவென்று கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களுக்குத் தெரியும். பொழுது விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு, குமுளி வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகிறவர்கள் அவர்கள். கூலி கொடுக்கிறவன் 'வா' என்றால் அதன் பின்னால் நாளைய வேலை இருக்கிறது. 'வேண்டாம்' என்பவளுக்கு மறுநாள் ஜீப்பில் இடம் இருக்குமா என்பதும் இருக்கிறது. இதே சொல்லை இக்கதைகள் நாணம் என்று மொழிபெயர்த்துவிடுகின்றன. நாயகன் கொடியவன் என்பதல்ல நம் குறை; கொடியவர் உலகில் உண்டு. கொடுமைக்குப்பின் எதுவுமே நடவாததுதான் குறை. அவளைத் தேடித் தாய் வருவதில்லை. காயம் மறுநாள் வலிப்பதில்லை. காவல் நிலையம் என்று ஒன்று அவ்வூரில் இல்லவே இல்லை.

நாட்டின் சட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் வலிந்து கூடுவதை வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து விலக்கிவைத்த பழைய ஏற்பாட்டை, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் நீக்கவில்லை. தாலியை இசைவின் சீட்டாகக் காட்டும் கதையை இச்சூழலில் வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

முறைமீறிய உறவைத் தமிழில் நம்பும்படி எழுத முடியாதா? தி. ஜானகிராமன் 1966இல் 'அம்மா வந்தாள்' எழுதினார். கணவனும் பிள்ளைகளும் உள்ள அலங்காரத்தம்மாளுக்குச் சிவசுவோடு உறவு. ஆசிரியர் படுக்கையறைக்குள் நம்மை அழைத்துப்போவதே இல்லை; வீட்டுக்குள் அழைத்துப்போகிறார். கணவர் தண்டபாணிக்குத் தெரியும், அவர் பேசுவதில்லை. தன் பாவத்தைப் போக்கிக்கொள்ள மகன் அப்புவை அவள் வேதபாடசாலைக்கு அனுப்பியிருக்கிறாள். குற்றவுணர்வின் சுமை தாய் தோளிலிருந்து பிள்ளை தோளுக்கு மாறும் இந்தக் காட்சியை, பாவ அறிக்கையைக் கேட்கிற எவரும் உடனே அடையாளம் காண்பர். இங்கே ஒவ்வொரு செயலுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

அதே ஆசிரியரின் 'மரப்பசு' (1975) துணிவு மிகுந்தது; ஆனால் நமக்கு அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. அம்மணி திருமணத்தை மறுக்கிறாள். தொடுதலையே உலகத்தோடு கொள்ளும் உறவாக்குகிறாள். அவளுடைய பேச்சு கூர்மையானது. எனினும் பாடகர் கோபாலியின் ஆதரவில் நிற்கும் அந்த விடுதலைக்கு அரிசியும் வாடகையும் யார் கொடுக்கிறார்கள் என்பதில் அவளும் தங்குவதில்லை, ஆசிரியரும் தங்குவதில்லை. சில இடங்களில் அவள் பெண்ணாக இல்லாமல் ஆண் ஒருவர் கண்ட கருத்தாகவே பேசுகிறாள்.

அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' (1985) திரைப்படமாயினும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. மணமான ஊர்ப்பெரியவர் மலைச்சாமிக்கும் ஓடக்காரப் பெண் குயிலுக்கும் இடையே வயதும் நிலையும் எவ்வளவோ தூரம். அவள் அவரைக் கேலி செய்கிறாள். பெருங்கல்லைத் தூக்க முடியுமா என்று சவால் விடுகிறாள். ஊர் பேசுகிறது, பஞ்சாயத்து கூடுகிறது. கடைசியில் அவருடைய குடும்ப மானத்திற்காகக் கொலை செய்து சிறைக்குப் போகிறவளும் அந்த ஓடக்காரப் பெண்தான்.