முற்றும் எச்சமும்: ஸ்குவீஸ்பொக்ஸ் இசைப்பெட்டியின் நிறுத்தம் பற்றி ஓர் ஆராய்ச்சி

ஒரு பொருளைச் செய்வோர் அதனைச் செய்யாது விடுதல் வணிக உலகத்தில் நாளும் நிகழ்வதொன்று. பேனாக்களும் மிதிவண்டிகளும் கடிகாரங்களும் இவ்வாறே வந்து மறைந்தன. மறைந்துபோன வகையைச் சேர்ந்த பேனா ஒன்று நம் சட்டைப்பையில் இருப்பின், செய்தவர் தொழிலை மூடினார் என்பதற்காக அஃது எழுத மறுப்பதில்லை. ஆயின் சென்ற கால் நூற்றாண்டில் வேறொரு வகைப் பொருள்கள் வீடுகளிற் புகுந்துள்ளன. அவை விற்கப்பட்ட பின்னரும் விற்றவரின் கையோடு ஒரு நூலாற் கட்டுண்டே இருப்பன. அந்நூல் அறுந்தாற் பொருள் என்னாகும் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. இதற்கு விடை காண ஸ்குவீஸ்பொக்ஸ் என்னும் இசைப்பெட்டி வரிசையினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. பெட்டிகளின் உற்பத்தி 2012ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அவற்றோடு தொடர்புடைய இணையச் சேவை 2024ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இவ்விரு நிறுத்தங்களையும் ஒன்றாக வைத்து எண்ணுதல் பிழை என்பது என் கருத்து. அதனை நிறுவப் புகுமுன் பெட்டியின் பிறப்பையும் அமைப்பையுஞ் சிறிது கூறல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஷோன் அடம்ஸ் என்பார் தொடக்கிய ஸ்லிம் டிவைசஸ் என்னுஞ் சிறு நிறுவனம் 2001ஆம் ஆண்டில் தன் முதற் பெட்டியை வெளியிட்டது. எம்.பி.3 என்னும் முறையிற் சுருக்கப்பட்ட இசைக் கோப்புகள் கணினிகளிற் குவியத் தொடங்கிய காலம் அது. பாட்டுப் படிப்பறைக் கணினியிலே கிடந்தது. நல்ல ஒலிபெருக்கிகளோ வரவேற்பறையில் இருந்தன. வீட்டு வலையமைப்பின் வழியே முன்னதிலிருந்து பின்னதற்கு இசையைக் கொண்டு செல்லும் பாலமாக அப்பெட்டி அமைந்தது. 2003ஆம் ஆண்டில் ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற பெயரோடு வந்த அடுத்த பெட்டி கம்பியில்லாமலும் இயங்கிற்று.

ஸ்லிம் என்னும் ஆங்கிலச் சொல் மெலிவைக் குறிப்பது. பெட்டியின் அமைப்பையே உணர்த்துதலின் அது பொருத்தமான பெயர். பெட்டிக்குப் பாட்டுக்களின் பட்டியல் தெரியாது. பாடியவர் பெயர் தெரியாது. எதன் பின் எது என்பதுந் தெரியாது. கேட்போர் தொலையியக்கியில் ஒரு பொத்தானை அழுத்தினால், இன்ன பொத்தான் அழுத்தப்பட்டது என்னுஞ் செய்தியை மட்டும் அது வீட்டுக் கணினிக்கு அனுப்பும். அக்கணினியில் இயங்கும் வழங்கி மென்பொருளே அச்செய்தியின் பொருளை உணர்ந்து, செய்யத்தக்கதைத் தீர்மானித்து, இசையை அனுப்புவதோடு பெட்டியின் முகப்பிலே தோன்றவேண்டிய எழுத்துக்களையுந் தானே வரைந்து அனுப்பும். பெட்டி பெற்றதை ஒலிக்கும், பெற்றதைக் காட்டும். அவ்வளவே அதன் தொழில். பல அறைகளிற் பல பெட்டிகளை வைத்து, ஒரே பாட்டு எங்கும் ஒரே கணத்தில் ஒலிக்குமாறு செய்வதும் அவ்வழங்கியின் வேலையே.

இனி, இவ்வழங்கி மென்பொருள் எவருடையது? ஈண்டுதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை உள்ளது. பேர்ள் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட அதன் மூலநிரலை நிறுவனத்தார் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிட்டனர். எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். வழங்குங்கால் தாம் பெற்ற உரிமைகளையே அவர்க்கும் அளித்தல் வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம். நிறுவனம் பெட்டியை விற்றுப் பிழைத்தது. மென்பொருளை விலையின்றிக் கொடுத்தது. இதனால் வாங்கியவருட் பலர் வாடிக்கையாளர் என்ற நிலையினின்று நீங்கி, உடனுழைப்போராயினர். புதுப் புது ஆற்றல்களைச் சேர்க்குஞ் செருகுநிரல்கள் பல அவர்கள் கையாலேயே எழுந்தன.

2006ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த லொஜிடெக் நிறுவனம் ஸ்லிம் டிவைசஸை 20 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கிற்று. கணினிச் சுட்டியும் விசைப்பலகையுஞ் செய்வதிற் பெயர் பெற்ற நிறுவனம் அது. அதன் ஆட்சியில் டூவெற், பூம், இரேடியோ, டச் எனப் பெட்டிகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றின் சிறப்புக்களை விரித்தல் வேண்டா. இக்கட்டுரைக்கு வேண்டிய செய்தி வேறொன்று. வீட்டிலே ஒரு கணினி இடையறாது இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும் என்பது பலர்க்குஞ் சுமையாயிருந்தது. அதனை இறக்கிவைக்கும் பொருட்டு நிறுவனமே இணையத்திற் பொது வழங்கி ஒன்றை நடத்திற்று. மைஸ்குவீஸ்பொக்ஸ் என்பது அதற்குப் பின்னாளில் வழங்கிய பெயர். வீட்டுக் கணினி உறங்கினாலும் இப்பொது வழங்கியின் துணையால் இணைய வானொலிகளையுஞ் சந்தா இசைச் சேவைகளையுங் கேட்கலாம். வசதியான ஏற்பாடுதான். ஆயினும் வீட்டு வழங்கியின் நிரல் உலகறிய வெளியிடப்பட்டது போல இதன் நிரல் வெளிவரவில்லை. அது நிறுவனத்தின் பூட்டுக்குள்ளேயே இருந்தது.

2012ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் லொஜிடெக் யூ.ஈ. ஸ்மார்ட் இரேடியோ என்ற புதுப் பெட்டியை அறிவித்தது. ஸ்குவீஸ்பொக்ஸ் வரிசை அத்தோடு முடிவெய்திற்று. புதுப் பெட்டியின் உடலைப் பார்த்தாற் பழைய ஸ்குவீஸ்பொக்ஸ் இரேடியோவே. உயிர் மட்டும் மாற்றப்பட்டிருந்தது. பழைய இரேடியோ வைத்திருந்தோர் விரும்பினாற் புதிய மென்பொருளை அதில் ஏற்றிக்கொள்ளலாம் எனப்பட்டது. ஏற்றிய பின் அப்பெட்டி வீட்டிலுள்ள மற்றைய ஸ்குவீஸ்பொக்ஸ் பெட்டிகளோடு கூடி ஒலிக்காது. பிள்ளையைத் தத்துக் கொடுத்துவிட்டு, இனிப் பிறந்த வீட்டாரோடு பேசற்க என்று விதித்தது போன்ற செயல் இது.

செய்தலை நிறுத்தியதற்காக யான் நிறுவனத்தைக் குறை கூறவில்லை. ஸ்பொட்டிபை 2011ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் சேவை தொடங்கிவிட்டது. மக்கள் கோப்புகளைச் சேர்த்து வைப்பதை விடுத்து, வேண்டியபோது வேண்டியதைக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தனர். கையிலிருந்த தொலைபேசியே இசைப்பெட்டியாகவும் ஆயிற்று. விலைபோகாத பொருளைச் செய்துகொண்டிருக்குமாறு எவரையும் வற்புறுத்த முடியாது. என் கண்டனம் மாற்றாக வைக்கப்பட்ட பொருளின் மேலது. சொந்த இசைத்தொகுதியை முறையாக ஆளுதல், அறைகள் தோறும் ஒத்திசைத்தல், விரும்பியவாறு திருத்திக்கொள்ளுதல் ஆகியவற்றுக்காகவே பலர் ஸ்குவீஸ்பொக்ஸை வாங்கினர். புதுப் பெட்டியில் இவற்றை நீக்கியோ குறைத்தோ விட்டு, எஞ்சியதற்கு எளிமை என்று பெயரிட்டனர். வேண்டாததை நீக்குவதே எளிமை. வேண்டியதையும் நீக்கிய நிலைக்குத் தமிழில் வேறு சொல் உண்டு.

நிறுவனத்தார் முற்று என்று கருதி வைத்த புள்ளி எச்சமாகவே நின்றது. வழங்கி மென்பொருளின் உரிமம் முன்னரே கொடுக்கப்பட்டதாதலின், அதனைத் திரும்பப் பெற எவராலும் இயலவில்லை. ஆர்வலர் அதனைத் திருத்தியும் வளர்த்தும் வந்தனர். வழங்கியும் பெட்டியும் பேசிக்கொள்ளும் முறை வெளிப்படையாகத் தெரிந்திருந்தமையால், ஸ்குவீஸ்லைற் என்னும் மென்பொருளை எழுதி, எந்தச் சிறு கணினியையும் ஸ்குவீஸ்பொக்ஸ் போல நடக்கச் செய்தனர். அவர்க்கு வாய்ப்பாகப் பெட்டிகள் நிறுத்தப்பட்ட அதே 2012ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்தில் இராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவு கணினியும் விற்பனைக்கு வந்தது. விலை குறைந்த அக்கணினியில் ஸ்குவீஸ்லைற்றை ஏற்றினால் ஒரு புதுப் பெட்டி பிறந்துவிடும். நிறுவனம் ஒரு பெட்டியையேனுஞ் செய்யாத ஆண்டுகளிலே பெட்டிகளின் குடும்பம் இவ்வாறு பெருகிற்று.

பழைய ஏடுகளின் நிலையும் இதற்கு அயலானதன்று. ஏட்டைப் பூட்டி வைத்தவர் வீட்டில் அது செல்லுக்கு இரையாயிற்று. பிறர்க்குக் கொடுத்துப் பெயர்த்தெழுத விட்டவரின் ஏடு வேறொரு வீட்டிலேனும் எஞ்சி நின்று பதிப்பாசிரியர் கைக்கு வந்தது. இவ்வொப்புமையை அளவுக்கு மிஞ்சி நீட்டுதல் தகாது. ஏட்டைப் பெயர்த்தவர் உள்ளதை உள்ளவாறே எழுதக் கடமைப்பட்டவர். நிரலைப் பெயர்ப்பவரோ மாற்றுவதற்கென்றே பெயர்ப்பவர்.

இனி இரண்டாம் நிறுத்தத்துக்கு வருவோம். நடுநிலை பிறழாது கூறின், லொஜிடெக் தான் கைவிட்ட வரிசைக்காக மைஸ்குவீஸ்பொக்ஸ் சேவையைப் பதினோராண்டுக்கு மேலாக நடத்திற்று. இவ்வளவு காலம் பொறுத்த நிறுவனங்கள் அத்துறையிற் பல இல்லை. 2024ஆம் ஆண்டின் முற்பகுதியிற் சேவை மூடப்பட்டபோது, அதனால் அடிபட்டவர் யாவர் என்பதை நோக்குக. தம் வீட்டில் வழங்கியை வைத்திருந்தோர்க்கு இசை நிற்கவில்லை. அவர்கள் கேட்டுவந்த சந்தாச் சேவைகள் சில பொது வழங்கியின் வழியே வந்தனவாதலின், அவ்வழியைத் தவிர்த்து நேரே இணைக்கும் புதுச் செருகுநிரல்களை ஆர்வலர் எழுதிக் கொடுத்தனர். வழங்கி மென்பொருளும் லொஜிடெக் மீடியா சேர்வர் என்ற பெயரை நீக்கி லிரியன் மியூசிக் சேர்வர் எனப் பெயர் பூண்டது. எல்.எம்.எஸ். என்ற சுருக்கம் மாறாதிருக்கப் பெயர் வைத்த சாமர்த்தியம் பாராட்டத்தக்கது. ஆனால் நிறுவனம் காட்டிய எளிய வழியை நம்பி, வீட்டு வழங்கியின்றிப் பொது வழங்கியை மட்டுமே சார்ந்திருந்தவர்களின் பெட்டிகள் வாயடைத்துப்போயின. முன்னர் எதனைச் சுமை என்று இறக்கி வைத்தனரோ அதனையே மீண்டுந் தலையிற் கொள்ளுதல் அவர்க்குக் கடனாயிற்று. முதல் நிறுத்தத்தில் ஒரு பொருளின் வருகைதான் நின்றது. இரண்டாவதிலோ விற்கப்பட்ட பொருளின் பயனே ஒரு சாரார்க்கு நின்றது. விலை கொடுத்து வாங்கியவர் இதனைக் கேள்வியின்றி ஏற்கவேண்டும் என்பது எனக்கு உடன்பாடன்று.

பிற நிறுவனங்களின் செயலோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். ஸ்பொட்டிபை நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கென விற்ற கார் திங் என்னுங் கருவியை 2024ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் தேதியோடு செயலற்றதாக்கிற்று. கருவி பழுதாகவில்லை, உடையவரும் உயிரோடிருந்தனர், செய்தவர் வேண்டா என்றமையால் அது வெறும் பிளாஸ்ரிக் துண்டாயிற்று. சோனொஸ் நிறுவனம் 2020ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தன் பழைய ஒலிபெருக்கிகள் சிலவற்றுக்கு அவ்வாண்டு மே மாதத்தின் பின் மென்பொருட் புதுப்பித்தல் இல்லை என்று அறிவித்தபோது, வாங்கியவர் எழுப்பிய குரலாற் பின்வாங்கி விளக்கங் கூற நேர்ந்தது. பழையவையும் புதியவையும் இரு வேறு குடிகளாகப் பிரிந்து இயங்கும் ஏற்பாட்டோடு அவ்வழக்கு ஓய்ந்தது. இவ்விரண்டிலும் உடையவர் கையிலிருந்த ஆயுதம் முறையிடுதல் ஒன்றே. ஸ்குவீஸ்பொக்ஸ் உடையவரிடமோ மூலநிரல் இருந்தது.

இக்கருத்தைக் கேட்ட நண்பர் ஒருவர், "மூலநிரலைப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு எத்தனை பேர்? மற்றையோர்க்கு அது பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன?" என்று மறுத்துரைத்தார். பொருளுடைய வினாவே. மிதிவண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரியாதவர் நம்முட் பலர். ஆயினும் அதனைத் திருத்தும் உரிமை செய்த கம்பனிக்கு மட்டுமே உரியதாயிருந்தால், சந்தியிலே திருத்துபவரின் கடை இராது. அவரை நம்பி வண்டியை உருட்டிச் செல்லும் நாமும் இடர்ப்படுவோம். படிக்கத் தெரிந்த சிலர்க்கு நிரல் திறந்திருந்தமையின் பயனைப் படிக்கத் தெரியாத பலரும் இன்று துய்க்கின்றனர். நண்பரின் மறுப்பில் ஓர் உண்மை உண்டென்பதையும் ஒப்புதல் வேண்டும். வழங்கியை நிறுவுதலும் பேணுதலும் பொறுமையை வேண்டுவன. சாதாரண வீட்டார்க்கு அது தொடக்கத்திலிருந்தே கடினமாயிருந்தது. சோனொஸ் சந்தையில் முந்தியதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். ஆர்வலர் எழுதும் விளக்கங்களோ பெரும்பாலும் ஆர்வலர்க்கே விளங்குவன.

நிரல் நின்றது போல உடல் நிற்குமா என்பது வேறு. இரேடியோ, டச் ஆகிய பெட்டிகளின் உள்மென்பொருளை ஆர்வலர் திருத்தி வெளியிட்டுள்ளனர். இரேடியோவின் மின்கலத்தையும் மாற்றிக்கொள்ளலாம். பழைய ஸ்குவீஸ்பொக்ஸிலும் பூமிலும் முகப்பெழுத்துக்களைக் காட்டியது ஒருவகை வெற்றிடக் குழாய்ப் பலகை. இருட்டறையிலும் நீலப் பச்சை ஒளியோடு தூரத்திலிருந்தே படிக்கத்தக்கதாய் இருந்தமையின், பலர் அப்பெட்டியை விரும்பியதற்கே அது காரணம். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வொளி மங்குகின்றது. வழங்கி இன்றும் எழுத்துக்களைத் தவறாது வரைந்து அனுப்புகின்றது. சில வீடுகளிற் பெட்டியின் அருகே குனிந்து பார்த்தே அவற்றைப் படிக்கவேண்டியுள்ளது.