உடம்பைச் சொன்ன கட்டுரையும் ஒப்பந்தத்தைச் சொன்ன கட்டுரையும்

டெனிஸ் வீராங்கனை செரினா வில்லியம்ஸ், 2022 ஓகஸ்டில் ‘வோக்’ சஞ்சிகையில் வெளியிட்ட விடைபெறும் கட்டுரையை அண்மையில் மீண்டும் வாசித்தேன். அவர் சொல்ல இன்னொருவர் எழுத்தாக்கிய கட்டுரை அது. பேச்சின் சூடு அதில் ஆறாமலே இருக்கிறது. ‘ஓய்வு’ என்ற சொல்லே தனக்குப் பிடிக்காது என்கிறார். டெனிஸா, குடும்பமா என்று தெரிவு செய்ய வேண்டி வந்தது நியாயமில்லை என்கிறார். தான் ஆணாக இருந்திருந்தால் இதை எழுதவே தேவைப்பட்டிராது என்றும் சொல்கிறார்.

கட்டுரையின் பலம் இந்த ஒளிவுமறைவின்மைதான். தாய்மையைப் புகழ்ந்து மனக்கசப்பை மூடிவிடும் வழக்கமான எழுத்து இதுவல்ல. 2017 ஜனவரியில் வயிற்றில் பிள்ளையோடு அவுஸ்திரேலிய ஓபனை வென்றவர், அதே ஆண்டு செப்டெம்பரில் சிசேரியன் மூலம் மகளைப் பெற்றார். பின்னர் நுரையீரலில் இரத்தக் கட்டி வந்து உயிருக்கே ஆபத்தானது. ஆனாலும் 2018 ஜூலையில் விம்பிள்டன் இறுதிப் போட்டியில் நின்றார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் நான்கு பெரும் இறுதிப் போட்டிகள் ஆடினார், நான்கிலும் தோற்றார். 23 பட்டங்களோடு கணக்கு நின்றது. மார்கரெட் கோர்ட்டின் 24ஐ எட்டாத ஆதங்கத்தை அவர் மறைக்கவில்லை.

எனக்குக் குறையாகப் படுவது இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கோர்ட்டும் ஒரு தாய்தான். 1972இல் பிள்ளை பெற்று, 1973இல் மூன்று பெரும் பட்டங்களை வென்றவர். செரினாவின் கட்டுரை கோர்ட்டின் எண்ணைப் பார்க்கிறது, தாயைப் பார்க்கவில்லை. தன் உடம்பைப் பற்றி இவ்வளவு கதைப்பவர், விதிகளைப் பற்றி அவ்வளவு கதைக்கவில்லை. முதலிடத்தில் இருந்தபடி பிரசவத்துக்குப் போனவர், 2018 பிரெஞ்சு ஓபனில் ‘சீடிங்’ இன்றி ஆட நேர்ந்தது. அதன் பிறகே, திரும்பி வரும் தாய்மாருக்கான விதிகளைப் பெண்கள் டெனிஸ் சங்கம் 2019க்கு மாற்றியமைத்தது. 12 மாதங்கள் வரை கொடுப்பனவுடன் கூடிய மகப்பேற்று விடுமுறை 2025இல்தான் வந்தது. இந்தப் பக்கம் விடுபட்டதால், நடந்ததெல்லாம் பெண்ணுடம்பின் விதி என்பதுபோல் கட்டுரை தொனிக்கிறது.

இதற்குப் பக்கத்தில் ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபீலிக்ஸ் 2019 மே மாதம் ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரையை வைத்துப் பார்க்கிறேன். கர்ப்பகாலப் பிரெஷர் கடுமையாகி, 2018 நவம்பரில் 32 வாரத்திலேயே சிசேரியன் மூலம் பிள்ளை பெற்றவர் அவர். வலி அதிலும் உண்டு. ஆனால் அங்கே நின்றுவிடவில்லை. நைக்கி நிறுவனம் முன்பைவிட 70 சதவீதம் குறைத்துக் கொடுக்க முன்வந்ததையும், பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் ஓட்டம் மந்தமானால் பணம் வெட்டக்கூடாது என்று தான் கேட்ட உறுதியை எழுத்தில் தர மறுத்ததையும் பெயர் சொல்லி எழுதினார். அதே ஓகஸ்டில் நிறுவனம் தன் ஒப்பந்தக் கொள்கையை மாற்றியது. அவரோ வேறு நிறுவனத்தோடு சேர்ந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு தங்கமும் ஒரு வெண்கலமும் வென்றார்.

எழுத்தழகில் செரினாவின் கட்டுரையே மேல். எனக்கு அதில் சந்தேகமில்லை. என் கவலை அதை எம்மவர் எப்படி வாசிப்பார்கள் என்பது. “பாத்தீங்களா, செரினாவாலயே ஏலாமப் போச்சு, எங்கட புள்ளயள் என்னத்த வெளையாட?” என்று ஒரு வாப்பா சொன்னால், அந்தக் கட்டுரையில் அவருக்குப் பதில் கிடையாது. ஃபீலிக்ஸின் கட்டுரையில் இருக்கிறது: ஏலாமற் போனது உடம்பால் மட்டுமல்ல, மனிதர் எழுதிய தாளாலும்தான், எழுதியதை மாற்றியும் எழுதலாம். விளையாட்டுத் துறையில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டையும் சேர்த்தே வாசிக்கக் கொடுங்கள். செரினாவை முதலில், ஃபீலிக்ஸைப் பிறகு.