காரணம் தெரியாத பூனைகள்

வீட்டுப் பூனை திடீரென்று செத்துப்போனால் வளர்த்தவர் வாயில் வருவது அநேகமாக ஒரே வாக்கியம்தான்: "நேத்து ராத்திரிகூட நல்லாத்தான் இருந்துச்சு." கேட்பவர் அங்கே நிற்க மாட்டார். என்ன சாப்பிட்டுச்சு? பல்லியைத் தின்னுடுச்சா? பக்கத்து வீட்டுக்காரங்க ஏதாச்சும் வெச்சிருப்பாங்களோ? ஜன்னலுக்கு வலை அடிச்சிருந்தீங்களா இல்லையா? இரண்டு நிமிடத்தில் துக்கம் விசாரணையாக மாறிவிடும். விசாரணையில் கூண்டில் நிற்பது பூனையை வளர்த்தவர்.

மருத்துவத்திடம் ஒரு பதில் இருக்கிறது. பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் மிகச் சாதாரணமானது இதயத் தசை தடித்துப்போவது. இடது கீழறையின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். மெயின் கூன், ராக்டால் மாதிரி சாதிப் பூனைகளில் இதற்கான மரபணுக் கோளாறையே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் புளோக்குக்குக் கீழே இருந்து தூக்கிவந்த குட்டிக்கும் இது வரும். பல பூனைகளிடம் வெளியே எதுவும் தெரியாது. ஸ்டெதஸ்கோப்பிலும் ஒன்றும் கேட்காமல் போகலாம். சில பூனைகளுக்கு முதல் அறிகுறியே சாவுதான். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை உடலைக் குளிரில் வைத்திருக்க வேண்டும், ஆனால் உறையவிடக் கூடாது. காலையில் எழுந்து சோபாவுக்கு அடியில் விறைத்துக் கிடப்பதைப் பார்த்தவருக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது? அறுத்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் போவதும் உண்டு.

இந்தக் காரணமில்லாத சாவை எழுத்து என்ன செய்கிறது என்பதுதான் இங்கே என் கேள்வி. ஏனென்றால் கதைக்குக் காரணம் வேண்டும். ஒன்று நடந்தது, அதனால் இன்னொன்று நடந்தது என்று போனால்தான் அது கதை. "ராத்திரி நல்லா இருந்துச்சு, காலையில செத்துக் கிடந்துச்சு" என்பதில் 'அதனால்' எங்கே இருக்கிறது? அந்தக் காலியிடத்தைப் பொறுக்க முடியாத எழுத்தாளர் எதையாவது கொண்டுவந்து போட்டு அதை நிரப்புவார். கைக்கு முதலில் அகப்படுவது நீதி.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஹோரஸ் வால்போலின் செலிமா என்ற பூனை தங்கமீன் வளர்த்த சீனத் தொட்டியில் விழுந்து மூழ்கிச் செத்தது. நண்பர் தாமஸ் கிரே 1747இல் அதற்கு ஒரு கவிதை எழுதினார். அழகான, கச்சிதமான கவிதை, இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அதில் பூனை எங்கே? மீனுக்கு ஆசைப்பட்ட செலிமா மெல்ல மெல்ல ஒரு பெண்ணாக மாறுகிறாள். கடைசியில் பெண்களே ஜாக்கிரதை, மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று முடிகிறது. நனைந்த உடலை யார் தூக்கினார்கள், வால்போல் அன்றைக்குச் சாப்பிட்டாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. கிரே கிண்டலாகத்தான் எழுதினார், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிண்டலுமே சாவிடமிருந்து தப்பிப்பதற்கான வழிதானே.

தமிழில் வரும் செல்லப்பிராணிக் கதைகளில் பலவற்றை நான் கிரேயின் பிள்ளைகள் என்றே நினைக்கிறேன். பூனை சாகும். அதனால் கணவன் மனைவி சேர்ந்துவிடுவார்கள். பூனை சாகும். பேரனுக்கு மரணம் என்றால் என்னவென்று புரிந்துவிடும். பூனை சாகும். முதியோர் இல்லத்தில் விட்ட அம்மாவின் நினைவு வரும். பூனைக்குக் கதையில் ஒரே ஒரு வேலைதான், சரியான பக்கத்தில் செத்து மனிதர்களைத் திருத்துவது. இப்படி ஒரு கதையைப் படித்து முடித்த பிறகு அந்தப் பூனையின் நிறம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நினைவில் இருக்காது, பல சமயம் எழுதியே இருக்க மாட்டார்கள்.

விதிவிலக்கு உண்டு. அது பூனையைப் பற்றியதுகூட அல்ல. அசோகமித்திரனின் 'எலி'யில் கணேசன் எலிப்பொறியில் வைக்க மசால்வடை வாங்கி வருகிறான். எலி மாட்டுகிறது. வெளியே கொண்டுபோய்த் திறந்துவிட்டால் அது பறவைக்கு இரையாகிறது. பிறகு பொறியைப் பார்த்தால் வடை அப்படியே இருக்கிறது. எலி அதைத் தின்னவே இல்லை. கணேசன் எதையும் கற்றுக்கொள்வதில்லை. தின்னாத வடையைப் பார்த்து வருத்தம் வருகிறது, அதோடு சரி. துக்கம் ஒரு பண்டத்தின் மீது போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று ஜப்பானியர்களைப் பார்க்கலாம். ஜப்பான் ஏன் என்று கேட்டால், பூனையின் சாவை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்ட எழுத்து வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் நமக்கு மிக அருகில் இருப்பவர், கவிஞர் ஹிராய்டே தகாஷி. அவருடைய குறுநாவல் ஜப்பானிய மொழியில் 2001இல் வந்தது. எரிக் செல்லண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல். நம்மில் பலரும் அதில்தான் படித்திருப்போம். 'விருந்தாளிப் பூனை' என்று வைத்துக்கொள்வோம். 1980களின் கடைசி, டோக்கியோவில் நிலத்தின் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருக்கும் காலம். பெரிய பழைய வீட்டு வளாகத்தில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கும் தம்பதி. அவர்களுக்குப் பூனை கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனின் பூனை சிபி வந்து போகிறது. தூக்கினால் நழுவிவிடும், எப்போதாவதுதான் குரல் கொடுக்கும். அதற்கு ஒரு தட்டு வருகிறது, படுக்க ஒரு பெட்டி வருகிறது. மனைவிக்கு அது செல்லப்பிராணி அல்ல, ஒரு சிநேகிதி.

பிறகு சில நாள் சிபி வருவதில்லை. விசாரித்தால்தான் தெரிகிறது, செத்துப் புதைத்தும் ஆகிவிட்டது.

இந்த நாவலைப் பாராட்டும் பலரும் ஜென், அமைதி, நிலையாமை என்று போய்விடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. இந்த நாவலை அரிப்பது உரிமை என்ற பிரச்சினை. வீடு அவர்களுடையது அல்ல, தோட்டம் அவர்களுடையது அல்ல, பூனையும் அவர்களுடையது அல்ல. அழுவதற்கு அவர்களுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? சமாதி அடுத்தவர் நிலத்தில் இருக்கிறது. போய் ஒரு பூ வைக்க வேண்டுமென்றாலும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அனுமதி வேண்டும். எப்படிச் செத்தது என்பதுகூட இன்னொருவர் வாய்வழியாக வந்த செய்திதான். கடைசிப் பக்கங்களில் அந்தச் செய்தி மீதே கதைசொல்லிக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சண்டை போட முடியாத, போய்க் கேட்க முடியாத சந்தேகம். ஹிராய்டே அதை அப்படியே விட்டுவிடுகிறார். துப்பறியவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. நாவலின் மிகத் தைரியமான இடம் அது என்பேன். நடுவில் நில அளவை பற்றியும் முக்கோண அளவை பற்றியும் வருகிற பக்கங்கள் எனக்குக் கொஞ்சம் அலுப்பைத் தந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த உரிமைப் பிரச்சினை சிங்கப்பூர் வாசகருக்குக் குத்தும். வீவக வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது என்ற விதி பல பத்தாண்டுகள் இருந்தது. அடைத்து வைக்க முடியாது, முடி கொட்டும், கத்தி அண்டைவீட்டாருக்குத் தொல்லை தரும் என்றார்கள். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். ஆனாலும் எல்லா புளோக்கிலும் பூனை இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். 2024 செப்டம்பர் 1இல்தான் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை, உரிமமும் மைக்ரோசிப்பும் இருந்தால் வளர்க்கலாம் என்று ஆனது. அதற்கு முன்னால் செத்த பூனைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏட்டில் இல்லாத பூனைகள். அடுத்த வீட்டு ஆண்ட்டி, "என்னம்மா கண்ணெல்லாம் வீங்கியிருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரு அக்கா "சைனஸ்" என்று சொல்லியிருக்கிறார். இருந்ததையே ஒத்துக்கொள்ள முடியாத ஒன்று இல்லாமல் போனதை யாரிடம் சொல்வது? ஈசூனில் 2015இலிருந்து அடுத்தடுத்துப் பூனைகள் செத்துக் கிடந்தபோது, கீழ்த்தளத்தில் சோறு வைத்துக்கொண்டிருந்தவர்கள் நின்றதும் இதே இடத்தில்தான். அவை அவர்களுடைய பூனைகளா என்றால், இல்லை. இல்லவே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. ஹிராய்டேயின் மனைவிப் பாத்திரத்துக்கு நம் ஊரில் நூற்றுக்கணக்கான அக்காமார் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி நம்மிடம் நல்ல சிறுகதை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

அடுத்தவர் உச்சிதா ஹ்யாக்கென். இவருக்கு அடக்கம் என்பதே கிடையாது. அதனாலேயே பிடிக்கும். நோரா என்ற பூனை 1957 மார்ச் 27 அன்று தோட்டத்து வழியாக வெளியே போனது, திரும்பவில்லை. அப்போது ஹ்யாக்கெனுக்கு 67 வயது. முன்னாள் ஜெர்மன் பேராசிரியர், முசுட்டுத்தனத்துக்குப் பேர்போனவர். மனிதர் நாள்தோறும் அழுகிறார். குளிக்கப் பிடிக்கவில்லை. பத்திரிகையில் விளம்பரம், நாளிதழோடு துண்டுப்பிரசுரம், அதில் வெளிநாட்டவருக்காக ஆங்கிலத்தில் ஒன்று. சுஷியின் மேலே வைக்கும் முட்டைப் பொரியல் நோராவுக்குப் பிடிக்கும், எனவே இனி அந்த சுஷியை வீட்டுக்கு வரவழைப்பதே இல்லை. எல்லாவற்றையும் நாள்குறிப்பாக எழுதிவைத்தார். செத்ததா என்றுகூடத் தெரியாததால் அந்த எழுத்து முடியவே மாட்டேன் என்கிறது. இன்று மழை, நோரா வரவில்லை. இன்று வெயில், நோரா வரவில்லை. இந்த மாதிரிதான் போகும். இலக்கிய அளவுகோலை வைத்துப் பார்த்தால் வெட்டித் தள்ள வேண்டிய பக்கங்கள் ஏராளம். ஆனால் அவற்றை வெட்டினால் காத்திருப்பும் போய்விடும். பிறகு குர்ட்ஸ் என்று இன்னொரு பூனை வந்தது, 1962இல் அதுவும் செத்தது. குரோசாவா தன் கடைசிப் படமான 'மாதாதயோ'வில் (1993) நோரா காணாமல் போனதைக் காட்டியிருப்பார். படம் பார்த்த என் நண்பர்களில் சிலர் அந்தப் பகுதியில் சிரித்துவிட்டார்கள். வயசானவர் பூனைக்காக இப்படியா அழுவது? அந்தச் சிரிப்புக்கு பயந்துதான் நம்மவர்கள் பூனையைக் குறியீடாக்கிவிடுகிறார்களோ என்று தோன்றும்.

ஹ்யாக்கெனின் ஆசான் நட்சுமே சோசெகி. 1905-06இல் தொடராக வந்த அவருடைய பூனை நாவலில், கதை சொல்லும் பூனையே மிச்ச பீரைக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஜாடியில் விழுந்து செத்துப்போகும். அந்த நாவல்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதற்குத் தூண்டுதலாக இருந்த நிஜப் பூனை 1908 செப்டம்பரில் செத்தது. சீடர்களுக்கு மரண அறிவிப்பு அஞ்சலட்டை அனுப்பினார். 'சன்ஷிரோ' எழுதும் வேலையில் இருப்பதால் இறுதிச்சடங்குக்கு யாரும் வரவேண்டியதில்லை என்று அதில் ஒரு வரி. கடைசிவரை அந்தப் பூனைக்குப் பெயர் வைக்கவே இல்லை.

அடுத்த வருஷம் எழுதிய 'பூனையின் சமாதி' சில பக்கமே உள்ள குறிப்பு. நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட எனக்கு உயர்ந்தது அதுதான். இந்தச் சாவில் திடீர்த்தன்மை கிடையாது. அப்படியும் வீட்டாருக்கு அது திடீரென்றுதான் தெரிகிறது, ஏனென்றால் யாரும் கவனிக்கவில்லை. பூனை மெலிகிறது, வாந்தி எடுக்கிறது. மருந்து கொடுக்கச் சொன்னால், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்கிறார் மனைவி. சரி விடு என்று சோசெகி புத்தகத்துக்குத் திரும்புகிறார். ஒரு ராத்திரி அது உறுமுகிறது. அவர் காதில் விழுகிறது, மனைவி தைத்துக்கொண்டிருக்கிறார். பிறகு ஒரு காலையில் விறகெடுக்கப் போன வேலைக்காரப் பெண் பார்க்கிறாள், பழைய அடுப்பின் மேல் விறைத்துக் கிடக்கிறது. ஏன் செத்தது என்று அந்தக் குறிப்பில் யாரும் கேட்பதில்லை. நாங்கள் கவனித்திருக்க வேண்டும் என்று சோசெகி நெஞ்சில் அடித்துக்கொள்வதும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் வைக்கிறார். குற்றவுணர்வு எங்கே இருக்கிறது என்று தேடினால் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

செத்த பிறகுதான் வீடு பரபரப்பாகிறது. இதுவரை கண்டுகொள்ளாத மனைவி போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். சமாதிக்கு நட ஒரு பலகை வாங்கிவரச் சொல்கிறார், அதில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார். குழந்தைகள் பூ வைக்கிறார்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறார்கள். கடைக்குட்டிப் பெண் ஒருத்தி விளையாட்டுக் கரண்டியோடு வந்து, பூனைக்கு வைத்த அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கிறாள். இந்தக் காட்சியை நம் எழுத்தாளர் ஒருவர் எழுதியிருந்தால் அடுத்த வரியில் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். வாழ்க்கை தொடர்கிறது என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வந்திருக்கும். சோசெகி எழுதுவது அடுத்த விஷயத்தை. மாதாமாதம் அந்தத் தேதியில் மனைவி ஒரு துண்டு சால்மன் மீனும், கருவாட்டுத் தூள் தூவிய சோறும் சமாதிக்குக் கொண்டுபோய் வைக்கிறார். மறப்பதே இல்லை. ஆனால் கொஞ்ச நாளாகத் தோட்டம் வரைக்கும் போகாமல், கூடத்து அலமாரி மேலேயே வைத்துவிடுகிறார் போலிருக்கிறது.