'ஃபெயில்' என்னும் சொல்

தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் இல்லங்களில் அச்சத்தோடு உச்சரிக்கப்படும் சொல் 'ஃபெயில்'. ஆங்கிலத்தில் இது அடிப்படையில் ஒரு வினை. கணக்கில் ஒருவன் தவறினான் என்ற அளவில் நிற்பது. நாமோ அதனை ஆளுக்கே ஒட்டி, "அவன் ஃபெயில்" என்கிறோம். விடைத்தாளின் மதிப்பெண் பிள்ளையின் பெயராகி விடுகிறது. இச்சொல்லை நாம் சரியாகத்தான் கடன் வாங்கினோமா?

இதன் வேர் இலத்தீனின் 'ஃபல்லெரே'. ஏமாற்றுதல் என்பது பொருள். பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தில் புகுந்து, குறைபடுதல், அற்றுப்போதல், வேண்டிய வேளையில் உதவாமற்போதல் ஆகிய பொருள்களைத் தாங்கியது. விளைச்சல் இல்லாமற்போவதும் வணிகன் நொடித்துப்போவதும் இச்சொல்லாலேயே குறிக்கப்பட்டன. தேர்வறைக்குள் அது நுழைந்தது பிற்காலத்தில்தான்.

ஏமாற்றுதல் எவ்வாறு குறைபடுதல் ஆயிற்று? தமிழருக்கு இதில் வியப்பேதும் இராது. மழை பெய்யாதபோது 'மழை பொய்த்தது' என்கிறோம். வான்சிறப்பில் வள்ளுவர் ஆண்டதும் இவ்வினையே. வானம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. நாம் நம்பியிருந்தோம், அது வரவில்லை. ஆக, பொய்த்தது வானமா, நம் எதிர்பார்ப்பா? பிள்ளையின் மதிப்பெண்ணைக் கண்டு, "எங்களை ஏமாற்றிவிட்டாயே" என்று கலங்கும் பெற்றோர், தாம் அறியாமலே அந்த இலத்தீன் வேரைத் தொட்டுவிடுகின்றனர். இதே வேரினின்று பிரெஞ்சு மொழி 'தேவைப்படுதல்' என்னும் பொருளுடைய வினையையும் பெற்றது. குறைவது எதுவோ, அதுவே தேவையாவது. சிவப்பு மை இந்தப் பொருளை அறியாது.

திருச்சபை வேரின் பழம்பொருளை விடவில்லை. முதல் வத்திக்கான் சங்கம் 1870 ஏப்ரல் 24இல் வெளியிட்ட கொள்கை விளக்கம், கடவுள் ஏமாறவும் ஏமாற்றவும் இயலாதவர் என்னுமிடத்தில் இவ்வினையையே இருமுறை ஆள்கிறது. அவ்வாண்டு ஜூலை 18இல் வரையறுக்கப்பட்ட திருத்தந்தையின் 'தவறா வரம்' என்பதன் இலத்தீன் சொல்லும் இவ்வேரினதே. திருத்தந்தை பாவமே செய்யமாட்டார் என அதனைத் தவறாகக் கொள்வோர் இன்றும் உளர். 'தவறு' என்ற நம் சொல்லுக்கும் அக்குழப்பத்தில் பங்குண்டு.

1611இன் ஆங்கில விவிலியத்தில், பேதுருவின் நம்பிக்கைக்காக இயேசு மன்றாடியதைக் கூறும் லூக்கா 22:32இலும் 'ஃபெயில்' வருகிறது. அங்குள்ள கிரேக்க வினைக்குத் தோற்றல் என்பது பொருளன்று, அற்றுப்போதல். ஞாயிறும் திங்களும் மறைவதைக் குறிக்கும் 'கிரகணம்' என்ற பொருளுடைய கிரேக்கச் சொல் அவ்வினையினின்று பிறந்ததே. பேதுரு அன்றிரவே மும்முறை மறுதலித்தார். ஆயினும், அவர் மனந்திரும்பியபின் சகோதரரை உறுதிப்படுத்த வேண்டும் என்ற பணியும் அதே வசனத்திலேயே இருக்கிறது.