பாறையேற்றப் பள்ளிகள்

மணவாள நகரிலிருந்து பூண்டியைத் தாண்டிப் போனால் குடியம் குகைகள். அந்தப் பாறையைக் கண்டதும் நம் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும். கூழாங்கற்கள் பதிந்த பாறை அது. பிடித்த கல் கையோடு வந்துவிடலாம். கற்கால மனிதர் தங்கிய இடத்தில் பிடிமானத்துக்குப் போல்ட் அடிப்பதும் தகாது. முறையாகக் கற்க வெளியூர்தான் போக வேண்டும்.

நம் நாட்டுப் பள்ளிகளில் மூத்தது டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்றக் கழகம். எவரெஸ்ட் வெற்றிக்கு மறு ஆண்டு, 1954 நவம்பரில் தொடங்கியது. களப்பயிற்சியின் முதல் இயக்குநர் டென்சிங் நார்கே. இன்றும் அவர் பெயர் தாங்கிய பாறையில் பயிற்சி நடக்கிறது. 1965இல் உத்தரகாசியில் வந்த நேரு மலையேற்றக் கழகத்துக்குத் தேக்லா பாறைகள். அடிப்படைப் பயிற்சியில் ‘ஏ’ கிரேடு வாங்கியவருக்கே மேல்பயிற்சி. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் இவர்களின் இலக்கு பனிச்சிகரம்; பாறை அதில் ஒரு பாடம்தான்.

பாறையையே முழுப் பாடமாகக் கொண்டவர்கள் வேறு. சஹ்யாத்ரியின் கரும்பாறைச் செங்குத்துகளில் வளர்ந்தது மராட்டிய மரபு. நமக்கு அருகிலிருப்பது ராமநகரம், சாவனதுர்கா கிரானைட் மரபு. சாவனதுர்காவின் வழுக்குச் சரிவில் கைப்பிடி அரிது. காலணியின் உராய்வை நம்பியே நிற்க வேண்டும். ஒரு கயிற்று நீளத்தில் முடியாத ஏற்றம் என்பதால் பிட்ச் எனப்படும் கட்டங்களாகப் பிரித்துத்தான் போக வேண்டும். இருவரில் ஒருவர் முன்னே ஏறி, கயிற்றைப் பாறையோடு பிணைக்கும் ஆங்கர் அமைத்து, மற்றவரை மேலே வரவழைப்பார். மறுபடி அங்கிருந்து அடுத்த பிட்ச்.

ஒரு பள்ளியின் தரம் அந்த ஆங்கரில்தான் தெரியும் என்பேன். உறுதியான இரண்டு பிடிமானங்களாவது வேண்டும். ஒன்று பெயர்ந்தாலும் மற்றது தாங்க வேண்டும். கயிற்றை மாட்டும் காரபைனர் கொக்கியின் திருகைப் பூட்டியபின் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நெடுக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்கும் காரபைனர், வாய் திறந்திருந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தாங்கும்.

ஆங்கரிலிருந்து 5 மீட்டர் ஏறியவர், இடையில் கயிற்றை எதிலும் மாட்டாமல் தவறினால், 10 மீட்டர் விழுவார். அந்த அடியை வாங்க இருப்பது 5 மீட்டர் கயிறு மட்டுமே; அத்தனையும் ஆங்கரில் இறங்கும். அதே 10 மீட்டர் விழுகை, 25 மீட்டர் கயிறு வெளியே இருக்கையில் நேர்ந்தால், கயிறு நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தணிக்கும். அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் ஆங்கரை விட்டுப் புறப்பட்ட உடனேயே முதல் மாட்டலைக் கேட்கிறார்கள்.

பாறையேறுவோர் அணியும் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டை, கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உயரத்தில் வேலை செய்வோருக்கும் புதிதல்ல. கயிற்றில் தொங்கி வேலை செய்வோருக்கு 1987இல் உருவான ஐராட்டா என்ற பிரிட்டன் அமைப்பு தனித் தரம் வகுத்திருக்கிறது. எப்போதும் இரண்டு கயிறு; மூன்று படிநிலைகள்; ஒரு படியிலிருந்து அடுத்ததற்குக் குறைந்தது ஓராண்டும் 1,000 மணி நேர வேலையும்; மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு. பொழுதுபோக்குப் பாறையேற்றத்தில் இத்தனை ஒழுங்கு இல்லாதது பெரிய குறை. ஆனால் ஆலையின் நீளாத கயிற்றைக் கொண்டுபோய் பாறையில் முன்னே ஏறுவது உயிருக்கு உலை. அங்கே தேவை நீண்டு கொடுக்கும் டைனமிக் கயிறு.

பயிற்சியில் சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். பாதி வழியில் மழை வந்தால் திரும்பி இறங்கச் சொல்லித் தருவார்களா? கயிற்றில் சறுக்கி இறங்கும் ராப்பலுக்கு முன் கயிற்றின் இரு நுனியிலும் முடிச்சுப் போட வைப்பார்களா? தயங்கினால் வேறு பள்ளி பாருங்கள்.