வராத பிள்ளைக்குக் கட்டிய பள்ளி

'காசைக் கொட்டினாங்க, ஒன்னும் நடக்கல.' அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிப் பள்ளிகளின் கதை இந்த ஒற்றை வரிக்குள் அடைக்கப்பட்டு வெகுகாலம் ஆகிறது. அரசுப் பள்ளிக்குப் பணம் ஒதுக்குவதே வீண் என்று வாதிடும் அந்நாட்டு வலதுசாரிகளுக்கு இது மனப்பாடமான வாய்ப்பாடு. ஆனால் சமீபத்தில் கல்வி குறித்த ஒரு கூட்டத்தில் நம் பக்கத்து நண்பர் ஒருவரே இதை எடுத்துப் போட்டார். 'இருநூறு கோடி டாலர், தோழர். ஒலிம்பிக் அளவுல நீச்சல்குளம் வேற. என்ன கிடைச்சது?' எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து தீர்ப்புகளை எடுத்துப் படித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். தீர்ப்பும் ஒரு பிரதிதான். அதற்கும் கதைசொல்லி உண்டு, தொடக்கம் உண்டு, சொல்லாமல் விட்ட இடங்கள் உண்டு.

முதலில் கதை. மிஸ்ஸூரி மாநிலத்தின் அரசியலமைப்பே கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைக்கக் கட்டளையிட்டிருந்தது. 1954இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. அதன்பின் பிரிவினை சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தது. கன்சாஸ் சிட்டியில் அந்தத் தெருவின் பெயர் ட்ரூஸ்ட் அவென்யூ. அதற்குக் கிழக்கே கறுப்பர், மேற்கே வெள்ளையர். எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது என்ற எல்லையை மாற்றி மாற்றி வரைந்து பள்ளி வாரியமும் அந்தக் கோட்டைக் காப்பாற்றியது.

அங்கே பள்ளி மாவட்டம் என்பது நம்முடைய வருவாய் மாவட்டம் மாதிரி அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம், தனக்கென்று சொத்துவரி, தனக்கென்று எல்லை என்று அது ஒரு குட்டி அரசாங்கம். கன்சாஸ் சிட்டி நகரம் பக்கத்து நிலங்களைச் சேர்த்துக்கொண்டு விரிந்தபோது பள்ளி மாவட்டத்தின் எல்லை கூடவே விரியவில்லை. ஒரே நகரத்துக்குள் பல பள்ளி மாவட்டங்கள். ஆகவே கறுப்புப் பிள்ளைகளிடமிருந்து விலக நினைத்த வெள்ளைக் குடும்பம் ஊரைவிட்டே போக வேண்டியதில்லை, நாலு தெரு தள்ளிப் போனால் போதும். பழைய மாவட்டத்தில் கறுப்புப் பிள்ளைகள் பெரும்பான்மையான அதே காலத்தில், 1969க்குப் பிறகு, பள்ளி வரியை உயர்த்த வாக்காளர்கள் தொடர்ந்து மறுத்துவந்தார்கள். கூரை ஒழுக ஆரம்பித்தது.

1977இல் வழக்கு. 1984இல் நீதிபதி ரஸ்ஸல் கிளார்க் மாநில அரசையும் பள்ளி மாவட்டத்தையும் குற்றவாளிகள் என்றார். புறநகர் மாவட்டங்களையோ வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார். அவர் கை கட்டப்பட்டிருந்தது. டெட்ராய்ட் நகரம் சம்பந்தமான மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் 1974இலேயே உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது: புறநகர் மாவட்டம் தவறு செய்ததாக நிரூபிக்கப்படாதவரை அதன் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி நகரப் பள்ளிக்கு அனுப்ப முடியாது. இனங்கள் கலந்து படிக்க வேண்டும், வெள்ளைப் பிள்ளையோ எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, கட்டாயப்படுத்தக் கூடாது. அப்படியானால்? இழுக்க வேண்டும். இங்கேதான் அந்த உருவகம் நுழைகிறது: காந்தப் பள்ளி. ஒவ்வொரு பள்ளிக்கும் அறிவியல், கலை, அயல்மொழி என்று ஒரு சிறப்புப் பொருள்; அதன் கவர்ச்சியில் பிள்ளைகள் தாமாகவே வந்து சேர்வார்கள். 1986இல் கிளார்க் ஒப்புக்கொண்ட திட்டத்தில் எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும், தொடக்கப் பள்ளிகளில் பாதியும் காந்தங்களாயின. அடுத்த ஆண்டு சொத்துவரியை ஏறக்குறைய இரட்டிப்பாக்க அவரே ஆணையிட்டார்.

காந்தம் கண்ட இரும்பு என்பது நமக்குப் பழகிப்போன உவமை. குருவை நோக்கிச் சீடன், இறைவனை நோக்கி உயிர். அந்த உவமையில் இரும்புக்கு வீட்டுக்கடன் கிடையாது, அக்கம்பக்கம் கிடையாது, தோல் நிறம் கிடையாது. அது இழுக்கப்படுவதைத் தவிர வேறொன்றும் அறியாது. கொள்கை வகுப்பவர்கள் இந்த உருவகத்தை எடுத்தபோதே இனவாதம் என்ற வரலாற்று வினை, நுகர்வோர் விருப்பம் என்ற இயற்பியலாக உருமாறிவிட்டது. விலகிப் போனவன் மீது எந்தப் பொறுப்பும் இல்லை. அவனைக் கவராதது பள்ளியின் குற்றம்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற பட்டியல். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போன 1990இல் நீதிபதி கென்னடி தனியாக எழுதிய கருத்தில் அது வருகிறது. 2,000 சதுர அடிக் கோளரங்கம். 25 ஏக்கர் பண்ணை, அதில் 104 பேர் அமரக் குளிரூட்டப்பட்ட கூடம். மொழிபெயர்ப்பு வசதியுடன் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை. தூசி புகாத டீசல் எந்திரப் பட்டறை. விலங்குகளுக்கு அறை. நீச்சல்குளங்கள். படிக்கிறவன் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அடுக்கப்பட்ட அடுக்கு இது. இங்கே பட்டியல்தான் வாதம். நண்பர் சொன்ன நீச்சல்குளம் இந்தப் பட்டியல் வழியாகத்தான் அவரை வந்தடைந்திருக்க வேண்டும்.

இன்னொரு பட்டியல் இருக்கிறது. அது யார் வாயிலும் இல்லை. 1987இல் கிளார்க் எழுதியது. உரியும் சாயம், உதிரும் காரை, பெயர்ந்த தளஓடுகள், போதாத வெளிச்சம், துருப்பிடித்து அழுகிய கழிப்பறைகள், காற்றோட்டமில்லாமல் அவற்றிலிருந்து வரும் நாற்றம், பழுதான மின்கம்பிகள், பழைய கொதிகலன் வகையறா, போதாத தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள். 1995இல் தன் மறுப்புத் தீர்ப்பில் நீதிபதி சூட்டர் இதை எடுத்துக்காட்டினார். பயனில்லை. கோளரங்கம் நினைவில் நிற்கிறது, கழிப்பறை நிற்பதில்லை. கொட்டிய பணத்தில் ஒரு பகுதி இந்த நாற்றத்தைப் போக்கவும் வகுப்பின் பிள்ளைத்தொகையைக் குறைக்கவும் போனது. அதை 'ஒன்னும் நடக்கல' என்பதில் சேர்க்க என்னால் முடியாது.

ஆனால் நண்பரின் கேள்வியை இதோடு தள்ளிவிடவும் முடியாது. தேர்வு மதிப்பெண்கள் எதிர்பார்த்தபடி ஏறவில்லை, கறுப்பு வெள்ளை இடைவெளி குறையவில்லை. ஏன்? வொல்ஃப்காங் ஈசர் சொல்லும் உத்தேச வாசகர் என்ற கருத்தை இங்கே கொண்டுவந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு பிரதியும் தனக்குள்ளே ஒரு வாசகரை உத்தேசித்துக்கொண்டுதான் எழுதப்படுகிறது. கன்சாஸ் சிட்டிப் பள்ளியைப் பிரதியாக வாசித்தால் அதன் உத்தேச வாசகர் யார்? வகுப்பில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பிள்ளை அல்ல. புறநகரில் இன்னும் பஸ் ஏறாத வெள்ளைப் பிள்ளை.

நான் படித்த பள்ளியில் இன்ஸ்பெக்டர் வரும் நாளில்தான் ஆய்வுக்கூடத்தின் பூட்டு திறக்கும். கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்து அடுக்குவது எங்கள் வேலை. தொடக்கூடாது. அவர் போனதும் பூட்டு. அந்தக் குடுவை எங்களுக்காக வாங்கியதுதான், ஆனா எங்களைப் பார்த்து அது பேசினதே இல்ல.

சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி கறுப்பர் வாழும் பகுதியில் இருக்கிறது. 3 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அதைப் புதிதாகக் கட்டினார்கள். அதற்குத் தரப்பட்ட சிறப்புப் பொருள்கள் கணினியும் பண்டைய கிரேக்கமும். கிரேக்கம் படிக்கக் கூடாது என்பதல்ல. அந்தத் தெருவில் யாரைக் கேட்டு இதைத் தேர்ந்தார்கள் என்பதுதான் கேள்வி. இதைவிடக் கொடுமை விகிதாச்சாரம். சிறுபான்மையினர் 60, வெள்ளையர் 40 என்பது இலக்கு. வெள்ளைப் பிள்ளைக்கென்று வைத்த இடம் காலியாகக் கிடக்க, பக்கத்துத் தெருக் கறுப்புப் பிள்ளை காத்திருப்போர் பட்டியலில் நின்றது. கறுப்புப் பிள்ளைக்கு இழைத்த அநீதியைத் துடைக்க வந்த திட்டத்தில் அந்தப் பிள்ளைதான் உபரி.

1995இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தியது. தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட்டின் தீர்ப்பு, வழக்கு பதினெட்டாம் ஆண்டில் நுழைகிறது என்று தொடங்குகிறது. கேட்டதும் நமக்கே கொட்டாவி வருகிறது, இன்னுமா முடியல என்று. கின்ஸ்பர்க்கின் மறுப்போ 1724இலிருந்து எண்ணுகிறது: மிஸ்ஸூரியையும் உள்ளடக்கிய லூசியானாக் குடியேற்றத்துக்குப் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி அடிமைச் சட்டம் பிறப்பித்த ஆண்டு. ஒரே வழக்கு, இரண்டு தொடக்கங்கள். எங்கே தொடங்குவது என்று முடிவு செய்தவன் முடிவையும் எழுதிவிடுகிறான்.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தனிக்கருத்து. கறுப்பர் பெரும்பான்மையாக இருப்பதெல்லாம் தாழ்ந்ததாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றங்கள் ஏன் எடுத்துக்கொள்கின்றன என்று கேட்கிறார் அவர். அந்த நீதிமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பு நீதிபதி, பழமைவாதி. கேள்வி சரியான கேள்வி. 1935இலேயே டு பாய்ஸ், கறுப்பருக்குத் தனிப் பள்ளி தேவையா என்று தலைப்பிட்ட கட்டுரையில் இதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார். தன்னை வெறுக்கிற பள்ளியில் கலந்து உட்காருவதால் மட்டும் பிள்ளைக்குக் கல்வி வந்துவிடாது என்பது அவர் கவலை. டு பாய்ஸ் அங்கிருந்து கறுப்புப் பள்ளிக்கு நல்ல ஆசிரியரும் போதிய பணமும் மரியாதையும் கேட்கப் போனார். தாமஸ் அதே இடத்திலிருந்து பணத்தை நிறுத்தப் போனார். நம் விமர்சனம் எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்பதை இதில் பார்க்க வேண்டியிருக்கிறது. வராத பிள்ளைக்குக் கட்டினார்கள் என்று நான் மேலே எழுதியதையும் நாளை யாராவது தாமஸின் வாசல் வழியே எடுத்துக்கொண்டு போகலாம்.

அந்த மாவட்டத்திலேயே வேறு மாதிரியும் ஒன்று இருந்தது. ஜே.எஸ். சிக் என்ற தொடக்கப் பள்ளி ஆப்பிரிக்க மையப் பாடமுறையை எடுத்துக்கொண்டது. வகுப்பில் இருந்த பிள்ளையையே உத்தேசித்த பள்ளி. அங்கே பிள்ளைகள் நன்றாகப் படித்ததாகப் பேசப்பட்டது. ஒரு பள்ளியை வைத்துக் கோட்பாடு கட்ட மாட்டேன்.

பணம் நின்ற பிறகு 2000இல் மாவட்டம் தன் அங்கீகாரத்தை இழந்தது. 2010இல் 61 பள்ளிகளில் 28ஐ மூட வாரியம் முடிவெடுத்தது. 2012இல் மறுபடியும் அங்கீகாரம் போனது. முழு அங்கீகாரம் திரும்ப 2022 ஆயிற்று. காந்தம் இன்றும் இருக்கிறது, திசைதான் மாறிவிட்டது. பிரிவினைக் காலத்தில் கறுப்பருக்கென்று இருந்த லிங்கன் உயர்நிலைப் பள்ளி இன்று தகுதி பார்த்துச் சேர்க்கும் கல்லூரி ஆயத்தப் பள்ளி. மாநிலத்தின் சிறந்த பள்ளிகளில் ஒன்று என்ற பெயர் அதற்கு. புறநகரை நோக்கியிருந்த இழுப்பு இப்போது உள்ளேயே, பக்கத்துப் பள்ளிகளின் முதல் வரிசைப் பிள்ளைகளை நோக்கி. பின்வரிசையில் மிஞ்சுகிறவர்களின் பள்ளி எப்படி இருக்கிறது என்று யாரும் தரவரிசை போடுவதில்லை.

2025 ஏப்ரலில் 47 கோடி டாலருக்குச் சற்று மேலான பள்ளிக் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்கள் பெருவாரியாக ஒப்புதல் தந்தார்கள். 1967க்குப் பிறகு இதுதான் முதல் முறை. கோளரங்கத்துக்கு அல்ல, பல வருடங்களாகத் தள்ளிப்போட்ட பழுதுபார்ப்பு வேலைகளுக்கு. கிளார்க்கின் 1987ஆம் வருடப் பட்டியலைத் தமிழில் எழுதி நண்பருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.